லிங்க்ஸ் சார்

அரியலூர் ஸ்டேஷனில், காய்ச்சல்காரக் குழந்தையோடு திருச்சி வண்டிக்குக் காத்திருந்தேன். சிமெண்ட் ஆலை இன்ஜினியர் ஒருவர் குடைப்பிடியால் சரளைக்கல்லைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“ஸ்காட்லாந்துல மூணு லிங்க்ஸும்மா. லீவு ரெண்டுக்குத்தான் காணும். எதை விடறது?”

எனக்கு லிங்கம் என்று காதில் விழுந்தது. “எதையும் விடாதீங்க சார், சாமி குத்தமாயிடும்.”

“சாமியா? கோல்ஃப் ஆடற கடலோரப் புல்தரைம்மா. பந்தைத் தட்டிக் குழியில போடுவோம்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா நீங்க சொல்றதுதான் சரி. லீவு போனாப் போவுது, மூணையும் ஆடிட்டுத்தான் வருவேன்.”

என்னால் அவர் வேலை போய்விடுமோ?

குழந்தை தேறியதும் திருமழபாடியில் அவருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன். பெயர் தெரியாமல், “லிங்க்ஸ் சார்” என்றேன். குருக்கள் தயங்காமல் லிங்கேஸ்வரன் என்று அர்ச்சித்துவிட்டார்.