அம்மா கூப்பிடாத பெயர்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிவப்புத் தரை ஓடு மட்டும் இன்னும் காயவில்லை. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் மெக்சிகோவில் எங்கள் குவானஹுவாத்தோவுக்கு வந்து கை வைத்துப் பார்க்கலாம்.

பின்லாந்திலிருந்து ஐனோ எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த சமயம். அவளுக்கு என் அறை. என் போர்வை. மலைச்சரிவு வீடுகள் தெரியும் ஜன்னலும் அவளுக்கே. சோளமாவு தமால் வெந்து இறங்கியதும் அம்மா முதலில் அவள் தட்டில்தான் வைப்பாள். எனக்கு, அடியில் ஒட்டியது.

"பாவம்டி, பெத்தவளை விட்டுட்டு வந்திருக்கா."

"நான் பெத்தவ கூடவே இருக்கேனே, அதான் தப்பா?"

"வாய் மட்டும் நல்லா வளருது எல்வீரா உனக்கு."

ஐனோ என் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்த அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா அதைக் கவனிக்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பழைய வெள்ளிச் சுரங்கத்தைப் பார்க்கப் போனோம். அம்மா முழங்கால் வலியோடு வாயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் பாதிப் படி இறங்கியபோது விளக்கு அணைந்தது. ஐனோ அலறி என் கையை இழுத்தாள். இருவரும் சறுக்கி விழுந்தோம். என் ஒரு செருப்பு இருட்டுக்குள் உருண்டது. டக்... டக்... டக்... அது நின்ற சத்தம் கேட்கவே இல்லை.

நாங்கள் மேலே வந்ததும் அம்மா சுரங்க வாயிலில் மண்டியிட்டாள். பயந்த இடத்தில் உயிரில் கொஞ்சம் தங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையோடு கூட்டிப் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் இதை மறக்கமாட்டாள்.

தரையைத் தட்டினாள்.

"ஐனோ, வாடி கண்ணு! இங்கேயே தங்கிடாதே!"

நான் காத்திருந்தேன்.

அம்மா எழுந்து, ஐனோவின் தோளை அணைத்தபடி நடந்தாள்.

"நானும்தான் விழுந்தேன்மா."

"நீ இந்த ஊர்ப் பொண்ணு. உனக்கென்னடி பயம்? வா, மழை வருது."

சாயங்காலம். நல்ல மழை. அம்மா சாக்லேட் காய்ச்சி, முதல் கோப்பையைக் கூடத்திலிருந்த ஐனோவுக்குக் கொடுத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக நெஞ்சில் மூளும் எரிச்சல் வரவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் குளிர்...

வாசல் கதவு தட்டப்பட்டது.

"அம்மா... கதவைத் திற."

என் குரல்.

நான் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். வாய் நிறைய ரொட்டி.

வெளியே மறுபடியும் அதே குரல்.

"என்னை ஏன் கூப்பிடல?"

அம்மா என்னைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். அசையவில்லை.

கூடத்திலிருந்த ஐனோ, நான்தான் வெளியே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அய்யோ எல்வீரா, நனையாதே! உள்ளே வா!"

"திறக்காதேடி!" அம்மா கத்தினாள்.

தாழ்ப்பாள் விலகிவிட்டது.

வாசலில் யாரும் இல்லை.

வாசலின் சிவப்பு ஓட்டிலிருந்து ஈரத் தடம். ஒரு கால் செருப்போடு. ஒரு கால் வெறும் கால்.

தடம் என்னிடம் வரவில்லை.

ஐனோவின் அறைக்குள் போனது.

"கூப்பிட்டவ பின்னாடிதான் போகும்," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் சுரங்க வாயிலில், தொண்டை கட்டும்வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளே எதிரொலிகூட எழவில்லை.

படிப்பு முடிந்து ஐனோ போய்விட்டாள். இப்போது முதல் தமால் எனக்குத்தான். நான் சாப்பிடுவதையே அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சந்தோஷமும் இல்லை. கோபமும் இல்லை.

போன வாரம் ஐனோ தன் ஊரிலிருந்து போன் செய்தாள். கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"எல்வீரா... எங்கம்மா முதல்ல அவளுக்குத்தான் தட்டு வைக்கிறாங்க. என் ரூமையும் கொடுத்துட்டாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல..."

"யாருக்குடி?"

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள்.

அது என் சிரிப்பு.

நான் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது.