சகலை முறை

ஜலந்தர் பக்கத்துச் சமார் சேரியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறியபோது ரலா ராமுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. சேரியை அங்கேயே விட்டுவிட்டு வருவதாகத்தான் நினைத்தார். பாவம். கூட வந்தவர்கள் அதையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் பீச் தோப்பு வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களுக்குத் தலைப்பாகை கட்டியவன், கட்டாதவன், சீக்கியன், முசல்மான் எல்லாருமே ‘ஹிந்து’தான். டவுனில் முடிவெட்டப் போனாலும், காபி குடிக்கப் போனாலும் எல்லாருக்கும் ஒரே பதில், வெளியே போ. அந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரன் பாரபட்சம் பார்க்க மாட்டான். தோப்புக்குத் திரும்பிவிட்டால் கதை வேறு. மேஸ்திரி உஜாகர் சிங்கும் அவருடைய ஜாட் சாதி ஆட்களும் மரக்கொட்டகைக்குள் படுப்பார்கள். ரலா ராம், ஏணிகளைச் சாத்தி வைக்கிற சாய்ப்பில் படுப்பார். அவருக்கான ரொட்டி தனியாக ஒரு துணியில் வரும். யாரும் அவரைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

அவருடைய வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் ஒன்றைச் சொல்வார். வந்த புதிதில் வடக்கே ஒரு மரமில்லில் வேலை. வெள்ளைக்காரக் கும்பல் ஒன்று தடியோடு வந்து அங்கிருந்த ஹிந்துக்கள் அத்தனை பேரையும் அடித்து விரட்டியது. ரத்தம் ஒழுக ஓடிப்போய்ச் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் உஜாகரும் இருந்தார். பசியில் உயிர் போயிற்று. இருந்த ஒரே பீன்ஸ் டப்பாவில் எல்லாரும் கையை விட்டு அள்ளித் தின்றார்கள். எந்தக் கை யாருடைய கை என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த ரயில் எந்த ஊரிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கக் கூடாதா என்று ரலாவுக்குத் தோன்றியதாம். அடிவாங்கிய நாளைப் போய் நல்ல நாள் என்று நெஞ்சில் வைத்திருக்கிற மனுஷனை என்ன சொல்வது?

எங்கள் ஆட்களுக்கு ஊரிலிருந்து பெண் கூட்டிவர அனுமதி இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டினால் சட்டம் விடாது. மிச்சம் இருந்தது மெக்சிகோக்காரப் பெண்கள்தான். கல்யாண ஆபீஸ் குமாஸ்தா இரண்டு பேருடைய நிறத்தையும் பார்ப்பான், இரண்டும் பழுப்பு என்று எழுதுவான், முடிந்தது கல்யாணம். உஜாகர் சிங் அப்படித்தான் தொமாசாவைக் கட்டினார். மூத்த பையன் பெயர் அல்ஃபோன்சோ சிங். அவனுக்குக் கீழே இன்னும் சில வாண்டுகள்.

தொமாசாவின் தங்கை ஹசிந்தா புருஷன் செத்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பீச் பழங்களைக் கீறி வெயிலில் காயவைக்கிற களத்தில் அவளுக்கு வேலை. முதல் வாரமே சாய்ப்பில் ரலாவைப் பார்த்துவிட்டாள். ஸ்பானிஷும் பஞ்சாபியும் கலந்த ஏதோ ஒரு பாஷையில் கேட்டாள்.

“ஏன்யா, எப்பப் பாத்தாலும் ஒத்தையிலயே குந்தியிருக்க? தொத்துநோயா உனக்கு?”

“அப்படித்தான்னு வெச்சுக்கயேன்.”

“பாத்தா அப்படித் தெரியலையே. பல்லு கூட எல்லாம் பத்திரமா இருக்கு.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து அவருடைய துணியிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ரலா மிச்சப் பாதியைத் துணியில் மடித்து வைத்தார். தண்ணீர் குடிப்பது போல் அந்தப் பக்கம் திரும்பி அழுதார்.

பழக்காலம் முடிகிற சமயம் அவளே கேட்டாள். “என்னய்யா, கல்யாணம் பண்ணிக்குவமா? இல்ல, இப்படியே மரத்தடியில உக்காந்து கெழவன் கெழவி ஆகுறதா?”

ரலாவுக்குச் சாகிறதற்குள் ஒரே தட்டில் தன்னோடு சாப்பிட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். தலையை ஆட்டினார்.

விஷயம் காதுக்குப் போனதும் உஜாகர் சிங் குதித்த குதி கொஞ்ச நஞ்சமில்லை. தொமாசாவின் தங்கையைக் கட்டினால் ரலா அவருக்குச் சகலை ஆகிவிடுவாரே!

“டேய், ஊர்ல என் பங்காளிங்களுக்குத் தெரிஞ்சா காறித் துப்ப மாட்டாங்க? உஜாகர் சிங்கோட சகலை ஒரு சமாரா? வேற பொம்பளையே கெடைக்கலையா உனக்கு?”

அந்தச் சகோதரிகள் மாதா கோவிலுக்குப் போகிற மெக்சிகோக்காரிகள். பஞ்சாப் எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் முறை என்றால் முறைதானாம். செத்த மாட்டின் தோலை உரிக்கிற வம்சம் அது என்று தங்கையிடம் சொல்லும்படி தொமாசாவை அனுப்பினார் உஜாகர்.

“அவ்வளவுதானா?” என்றாள் ஹசிந்தா. “நம்ம அப்பா கசாப்புக் கடைதான வெச்சிருந்தாரு? மறந்துபோச்சாக்கா உனக்கு?” சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு உஜாகர் சிங் திடீரென்று இறங்கி வந்தார். “சரி, நடக்குறது நடக்கட்டும். கெளம்புங்க, நானே கூட்டிட்டுப் போறேன். ஆபீஸ்ல இங்கிலீஷ் பேச ஆள் வேணும்ல” என்றார். ரலா அவர் காலில் விழாத குறை. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தை மழமழவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றார்.

குமாஸ்தாவிடம் உஜாகர் நெடுநேரம் குழைந்து குழைந்து பேசினார். ரலாவின் காதில் ‘வெள்ளை’ என்ற வார்த்தை விழுந்தது. மறுபடி விழுந்தது. இந்தப் பெண் சுத்தமான ஸ்பானிய ரத்தம், வெள்ளைக்காரி, சட்டத்துக்குப் பயந்தவன் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் என்று உஜாகர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆண்டவன் இருந்தால் கேட்கட்டும், தான் பட்ட அடியையே எடுத்து இன்னொருத்தனை அடிக்கிற புத்தி யாருக்கு வரும்?

குமாஸ்தா ஹசிந்தாவின் சட்டைக் கையை மேலே சுருட்டச் சொன்னான். வெயில் படாத இடம் பிசைந்த மைதா மாவு மாதிரி வெளுப்பாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

“இவளுக்கும் இவனுக்கும் கல்யாணம் கெடையாது. பக்கத்து ஊர் ஆபீசுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிடுவேன். சும்மா சேந்து இருக்கலாம்னு பாத்தா ஷெரீப் போலீசோட வருவாரு.” பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். “இவ கூடப் பொறந்தவ யாராவது உங்க ஆளுங்ககிட்ட இருக்காளா? இருந்தா அந்தக் கல்யாணமும் செல்லாது.”

உஜாகர் சிங்கின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருத்தி வெள்ளை என்றால் மற்றவளும் வெள்ளைதானே? முறை பார்க்கத் தெரிந்த மனுஷனுக்கு இந்தக் கணக்கு மட்டும் விளங்காமல் போய்விட்டது. இல்லை, இல்லை என்று உளறினார். குமாஸ்தா நம்பவில்லை. ரலாவைப் பார்த்து, “நீ சொல்லுய்யா. அக்கா, தங்கச்சி?” என்றான்.

“ரலா... தம்பி...” பஞ்சாபியில் உஜாகரின் குரல் கிசுகிசுத்தது. “என் புள்ளைங்கடா.”

சொல்லிவிடத்தான் ரலாவுக்கு நாக்கு துடித்தது. ஒரே ஒரு வார்த்தை, அந்த வீடு தரைமட்டம். ஆனால் ஹசிந்தா அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். கேட்டது அவளுக்கும் புரிந்துவிட்டது. சொல்லாதே, சொல்லாதே என்று அவள் நகம் சதையில் இறங்கியது. இன்னொன்றும் உண்டு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உஜாகர் வீடு இடிந்தால் தோப்பு வேலைக் கோஷ்டியும் கலைந்துவிடும். இவ்வளவு பெரிய தேசத்தில் தன்னை ஒதுக்கி வைக்கக் கூட ஆள் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ரலா பயந்தார்.

“யாருமில்ல. இவ ஒத்த ஆளு” என்றார்.

வெளியே வந்ததும் ஹசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே அக்கா வீட்டுப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது. தெக்கே அண்ணன் இருக்கான், அங்க போறேன்.”

“நானும் வரேன்.”

“வந்து? என் பக்கத்துல உன்னப் பாத்தா உன்னத்தான்யா ஜெயில்ல போடுவாங்க. வேணாம். ஒழுங்கா சாப்பிடு.”

பஸ் நிற்கிற இடத்தை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளும் போயிருக்க மாட்டாள், இவரும் விட்டிருக்க மாட்டார்.

உஜாகர் சிங் ஓடிவந்து ரலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தாடியெல்லாம் கண்ணீர். “என் குடும்பத்தக் காப்பாத்திட்டடா. இனிமே நீ எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி.”

“கூடப் பொறந்தவனால்லாம் வேணாம் சர்தார்ஜி” என்றார் ரலா. “சகலையா இருந்துட்டுப் போறேன்னுதான கேட்டேன்?”

உஜாகர் கைகளை விட்டார். வந்த லாரியில் எஞ்சினுக்கு ஊற்றுவதற்காகத் தண்ணீர்க் கேன் ஒன்று வைத்திருந்தார். அதைச் சரித்துத் தன் இரண்டு கைகளையும் நிதானமாகக் கழுவினார். வேண்டுமென்று செய்யவில்லை. கழுவுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ரலா பார்த்துக்கொண்டே நின்றார்.