சுவர் தின்ற பேய்

எங்கள் அடுப்படி மண்சுவரில் ஒரு குழி இருந்தது. மார்கழியில் என் சுண்டுவிரல் அதற்குள் போகும். தை பிறந்தபோது கட்டைவிரலே போனது. எலி பறித்தது என்றாள் அம்மா. எலி பறித்த குழியில் ஈரம் ஏது? நான் விரலை விட்டபோதெல்லாம் அது நனைந்தே இருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வருஷம் அப்பா பழனிக்கு நடந்து போவதற்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவர் வீட்டில் சட்டதிட்டத்துக்குப் பஞ்சமில்லை. அப்பாவையே சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுப் பெண் தூரமானால் அந்த நாட்களில் அவர் கண்ணில் படக்கூடாது, அடுப்பைத் தொடவே கூடாது. பக்கத்து வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை, இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு ஈ எங்கள் வாசலைத் தாண்டாது. அம்மா மார்கழியில் அத்தை வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்தாள். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

திரும்பியதிலிருந்து ஆளே சரியில்லை. இரண்டே இரண்டு அரக்குப் புடவையை மாற்றி மாற்றிக் கட்டினாள். குடத்தைத் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உதடு நாளுக்கு நாள் வெளுத்தது.

ஒரு மத்தியானம் வயிற்றுவலி என்று புளுகிவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். வீட்டில் சத்தமே இல்லை. அடுப்படியில் அம்மா எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துக் குழியில் தெளித்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு கரண்டிக் காம்பால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். நறநறவென்று மெல்லும் சத்தம் நிலைப்படி வரைக்கும் கேட்டது.

திரும்பினாள். வெள்ளை உதட்டில் செம்மண். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தாள்.

"அப்பாகிட்டச் சொல்லிராத தாயி."

குரல் அம்மாவுடையதுதான். வாய் வேறு யாருடையதோ. அன்றிலிருந்து அவள் பிசைந்து கொடுத்த சோற்றை அவள் முகத்தைப் பார்க்காமல் தின்றேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். பெற்ற தாயிடம் பயப்படுவதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு வாரம் தாங்கினேன். ஊருக்கு வரும் நர்சம்மா, அத்தை வீட்டு வாசலில் பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் காதோடு போய்ச் சொல்லிவிட்டேன்.

"எங்கம்மாவப் பேய் புடிச்சிருக்கு."

"என்ன செய்யுது?"

"செவுத்தத் திங்குது."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தராசை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனார். அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே துவைத்த துணி மாதிரி இருந்தது.

"எத்தன நாளாப் போகுது?"

அம்மா வாசலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மார்கழியிலேருந்து நிக்கவே இல்லைங்க. மூணு நாளுன்னா அங்கிட்டு இருந்துக்கலாம். மாசக்கணக்கா இருந்தா யாரு ஆக்கிப் போடுறது? மறச்சு ஆக்கிப் போட்டேன். சாமி குத்தம்தான் இப்படி ஊத்துது."

"குத்தமும் இல்ல, பேயும் இல்ல. கர்ப்பப்பையில கட்டி இருந்தாக்கூட இப்படிப் போகும். ரத்தம் வத்திட்டா சில பேருக்கு மண்ணு திங்கத் தோணும். இன்னைக்கே ரத்தம் ஏத்தணும். விட்டா ஆளு தங்காது."

அம்மா எழுந்தாள், அப்படியே சரிந்தாள். அப்போதுதான் நிலைப்படியில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "தொட்டுறாதீங்க சாமி, மாலை" என்றாள் பின்னால் ஓடிவந்த அத்தை. அப்பா மாலையைக் கழற்றினார். அந்தக் குழிக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். அம்மாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் முகம் தெரியாத யாருடைய ரத்தமோ அம்மாவுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பேய்க்குத்தானே ரத்தம் கொடுப்பார்கள் என்று நான் கட்டிலை விட்டு நாலடி தள்ளியே நின்றேன். வயிற்றில் கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். விடிந்தபோது அம்மாவின் உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது. கண்ணைத் திறந்தவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நான் தூரத்தோட ஆக்கிப் போட்டது அப்பாவுக்குத் தெரியுமா?"

செத்துப் பிழைத்தவள் கேட்ட முதல் கேள்வி அது. அவள் தலைமாட்டுக்குப் பின்னால் நின்ற அப்பா, சொல்லாதே என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"தெரியாதும்மா" என்றேன்.

அப்பா முன்னால் வந்து டீயை ஆற்றி அவள் வாயருகில் நீட்டினார். ஊர்க்காரர்கள் பழனிக்குக் கிளம்பும் நாள் அது. அம்மா அவருடைய வெறுங்கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நல்லவேளை" என்று என்னிடம் சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள்.

என் பொய்யை அம்மா நம்பிவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.