திரை மூலையில் ஒரு கடித உறை

எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு ஒரே கம்ப்யூட்டர். அதன் திரையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு மஞ்சள் கடித உறை இருக்கும். புது மெயில் வந்தால் அது துள்ளும். 'டிங்' என்று சத்தம் வரும். யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள். அது அடித்தால்தான் மெயிலைத் திறப்போம். அடிக்காவிட்டால் எதுவும் வரவில்லை என்று அர்த்தம். அப்படியே பழகியிருந்தோம், சோம்பேறிகள்.

பிரிவுக்குப் பொதுவாக ஒரே மெயில் முகவரி. ஆபரேட்டர்களின் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், கம்பெனிக்குள் எந்த விண்ணப்பம் போட்டாலும் அந்த முகவரியைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். பாகலூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணும் அப்படித்தான் கொடுத்திருந்தாள். ஆறு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். இந்தத் தடவை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். நேர்முகத்துக்கு எச்.ஆரிலிருந்து கூப்பிட வேண்டும். எச்.ஆர். அறை கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்த மகாராஜாக்கள் வாயைத் திறந்து கூப்பிட மாட்டார்கள், மெயில்தான் அனுப்புவார்கள்.

என் மேஜையிலிருந்து பத்தடி தள்ளி அவள் பாகங்களை அளந்துகொண்டிருப்பாள். ஒவ்வொரு டிங்குக்கும் தலை திரும்பும். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

அப்போது கஸ்டமர் ஆடிட் வந்தது, எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனிக்காரர்கள் வந்து இரண்டு நாள் தரம் சோதிப்பார்கள். ஆடிட் என்றால் தரைக்குப் பெயின்ட், வாசலில் வாடகைப் பூந்தொட்டி, அந்தக் கடித உறைக்கு விடுமுறை. "அந்தச் சனியனை மூடி வைப்பா. கஸ்டமர் நிக்கறப்ப கம்ப்ளைன்ட் மெயில் குதிச்சா என் மானம் போயிடும்" என்றார் மேனேஜர். ஒவ்வொரு ஆடிட்டுக்கும் மூடுவதுதான். மூடினேன்.

முதல் நாள் ஷிப்ட் முடிந்ததும் அவள் வந்தாள். "இன்னிக்கு அடிக்கவே இல்லீங்களே அண்ணா. ஏதாச்சும் வந்துச்சிங்களா?"

நான் கோப்புகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் வரலம்மா" என்றேன், திரையைப் பார்க்காமலே. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

மூன்றாம் நாள் காலை ஆடிட் முடிந்து அதைத் திறந்தேன். விடாமல் அடித்தது. வரிசையாக வந்த புகார்களுக்கு நடுவில் அவளுக்கான மெயில், முதல் நாள் மத்தியானமே வந்திருந்தது. நேர்முகம் முந்தின நாள் காலை பத்து மணிக்கு.

எச்.ஆருக்கு ஓடினேன். "மெயில் அனுப்பினோமே சார். ஆள் எடுத்து முடிச்சாச்சு" என்றார்கள். மேனேஜரிடம் போனேன். ஆடிட்டில் கிடைத்த பாராட்டுக்கு இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தவர், "கம்பெனி மெயிலைச் சொந்த விஷயத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கே" என்றார். என் கையிலும் ஒரு மைசூர்பாகைத் திணித்தார். அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "நீங்க பாத்துட்டுதானே அண்ணா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்துட்டுதாம்மா சொன்னேன். அவங்கதான் லேட்டா அனுப்பியிருக்காங்க."

மத்தியானம் கேன்டீனில், தூணுக்கு அந்தப் பக்கம் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் குறுக்கிட்டது. "அண்ணன் மேல தப்பு சொல்லாதீங்க. ரெண்டு நாளும் பாத்துட்டுதான் சொன்னாரு."

எழுந்து போய், நான் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன்.