செவலையின் பால் எங்கே போனது

மலைக்கு மேற்கே, மழை எட்டிப் பார்க்காத சரிவில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். சுற்றிலும் முள்ளுப் புதர், அதற்குள் நரி, முயல், கீரி, பாம்பு. அந்த மண்ணில் வேறெதுவும் விளையாது, ஆடுதான் பிழைப்பு. காலையில் வரும் பால் வேனை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

அங்கே ஓர் அம்மாள் இருந்தார். ஊரார் முதுகுக்குப் பின்னால் அவரைப் போலீஸ்காரம்மா என்பார்கள். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் ஏன் சாத்தினார்கள் என்பார். திறந்திருந்தால் யாருக்காக என்பார். சும்மா சொல்லக் கூடாது, சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, நரிக்கும் ஆடு திருடர்களுக்கும் நடுவில் மகனை வளர்த்து ஆளாக்கியது அந்தச் சந்தேகம்தான். மகன் இப்போது தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறான். வீட்டில் அவரும் மருமகளும் நடை பழகும் பேரனும்தான்.

அவர்கள் மந்தையிலேயே நன்றாகக் கறப்பது செவலை என்ற ஆடு. அதன் மடி திடீரென்று காலையில் சப்பையாகிக் கிடந்தது. தீனியில் குறையில்லை, ஆட்டுக்கு நோயும் இல்லை. அப்படியானால் யாரோ கறக்கிறார்கள். முதலில் பக்கத்து வீட்டுக் கிணறு வெட்டுகிறவர் மேல் கண் விழுந்தது. அவர் வீட்டு டீயில் இப்போதெல்லாம் பால் தூக்கலாக இருக்கிறதாம்! அதைக் கண்டுபிடிப்பதற்காகவே போலீஸ்காரம்மா அங்கே போய் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தார்.

பிறகு கொட்டகைக் கூரையில் ஒரு சாரைப்பாம்பு தென்பட்டது. சாரை மடியில் வாய் வைத்துப் பால் குடிக்கும் என்று அந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அம்மாள் கம்பை எடுத்தார்.

"வேணாம் அத்தை, அது பாட்டுக்கு எலி புடிச்சிட்டு இருக்கு" என்றாள் மருமகள்.

ஒரே போடு, பாம்பு செத்தது. மறு வாரமே எலிகள் தவிட்டு மூட்டையைக் கிழித்துக் கொண்டாட்டம் போட்டன. பால் மட்டும் கூடவில்லை. இப்போது அம்மாளுக்கு வேறொன்று உறுத்தியது. பாம்புக்கு இவள் ஏன் பரிந்து பேசினாள்? பாம்பு போய்விட்டால் பழி போட ஆள் இருக்காது என்றா? காலையில் கொட்டகை கூட்டுகிறவளும் இவள்தானே? பேரனுக்குக் கன்னம் வேறு உப்பிக்கொண்டு வருகிறது.

அன்று வேன்காரர் பாலை அளந்துவிட்டு, "என்னம்மா, இன்னைக்கும் குறையுதே?" என்று கேட்டதுதான் தாமதம். மருமகள் இடுப்பிலிருந்த பேரனின் வாயைப் பிடித்துத் திறந்து, பால் ஊற்ற வந்த அத்தனை பேர் முன்னால் மோந்து பார்த்தார் போலீஸ்காரம்மா. குழந்தை வீலென்று கத்தியது.

"நான் எடுக்கல அத்தை."

"வேற யாரு எடுத்தா? ஆடே கறந்து குடிச்சுதா?"

மருமகள் உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். அவள் அம்மா வீடு வேன் போகும் வழியில்தான். கேன்களுக்கு நடுவில் பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாள். வேன் போய்விட்டது. போகட்டும், இனி பால் கூடுகிறதா இல்லையா பார் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார் அம்மாள்.

பால் கூடவில்லை. வீட்டில் பேச ஆளில்லை. ஒரு நாள் விடியும் நேரத்தில் கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்துகொண்டார். அசை போட்டுக்கொண்டிருந்த செவலை எழுந்தது. கழுத்தை வளைத்து, பின்னங்காலை அகட்டி, தன் காம்பைத் தானே வாயில் கவ்விச் சப்பிக் குடித்தது. அம்மாளுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

சும்மா போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சி வேண்டும். ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு நடந்தார். வாசலில் நிறுத்தி நடந்ததைச் சொன்னார். சம்பந்தியம்மா ஆட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆடு தன் பாலைத் தானே குடிக்குமா? புதுசா எதுக்குங்க இந்தக் கதை? வீட்டு வேலைக்கு ஆள் இல்லையோ?"

"குடிக்குதுங்க, என் கண்ணால பாத்தேன். கொஞ்சம் பொறுங்க, இப்பக் குடிக்கும் பாருங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். செவலை சாவகாசமாக வேலியில் இருந்த இலையை மேய்ந்தது. அம்மாள் அதன் கழுத்தைப் பிடித்து மடிப் பக்கம் திருப்பினார். அது முட்ட வந்தது. தான் சொல்வதை ஒருத்தர் நம்பவில்லை என்றால் நெஞ்சு எப்படி அடைக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"விடுங்க அத்தை, அதைப் போட்டு இழுக்காதீங்க" என்றபடி மருமகள் வாசலுக்கு வந்தாள். "நீங்க பாத்தேன்னு சொல்றீங்கல்ல, அது போதும். நான் நம்புறேன்."

அம்மாளுக்கு உயிர் வந்தது. "அப்ப கிளம்பும்மா. பையனையும் தூக்கிக்க."

"நம்புறேன்னுதான் அத்தை சொன்னேன். வர்றேன்னு சொல்லலையே."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம். பேரன் கதவுக்குப் பின்னால் நின்றபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பாட்டியையே பார்த்தான்.

திரும்பும் வழியில், ஆளில்லாத நடு ரோட்டில், செவலை நின்றது. கழுத்தை வளைத்துக் குடிக்க ஆரம்பித்தது. அம்மாள் யாரையும் கூப்பிடவில்லை. கயிற்றைத் தளர விட்டு, அது குடித்து முடிக்கும்வரை அழுதுகொண்டே நின்றார்.