புகழேந்தியின் வயிறு

என் தம்பி புகழேந்தியைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பெற்றவள் ஆக்கியதைத் தொடாதவன் என்கிறார்கள். அது பொய். நான் சொல்கிறபடியே எழுதுங்கள்.

அடி அண்ணாமலையில் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் தின்று வளர்ந்தவன் அவன். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. இளவயதிலேயே ரமணாசிரமத்துப் பக்கம், வெள்ளைக்காரர்கள் வந்து போகிற ஓட்டல் ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தான். தங்க மாடியில் ஒரு அறை. மூன்று பொழுதும் ரொட்டி, சீஸ், முட்டை. வீட்டுக்கு வந்தாலும் ஒரு காபியைக் குடித்துவிட்டு ஓடிவிடுவான்.

அம்மாவுக்கு முட்டி தேய்ந்து நடமாட்டம் குறைந்ததும், வேலையை விட்டுவிட்டு அவளோடு இருக்க வந்தான். அவள் உட்கார்ந்தபடியே களி கிண்டிப் போட்டாள். ஆசையாகத்தான் தின்றான். சாயங்காலத்துக்குள் வயிறு பானையாக உப்பி, தரையில் சுருண்டு கிடந்தான். மறுநாளும் அதே கதி. அதற்கடுத்த நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது.

வேங்கிக்காலில் இருக்கிற டாக்டரம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனேன்.

"குடல்ல கோடிக்கணக்குல கிருமிங்க இருக்கும்மா, நல்ல கிருமிங்க. நாம எதைத் திங்கிறமோ அதைச் செரிக்கிறதுங்க பெருகும். இவருக்குக் களி, மொச்சை உள்ள போயே ரொம்ப வருஷமாச்சு. அதைச் செரிக்கிற கூட்டம் கம்மியாயிடுச்சு."

"பொறந்ததுலருந்து தின்ன வயிறு, அதுக்குப் போய் மறக்குமா?" என்று சண்டை போட்டேன்.

"எப்பவும் ரொட்டியே போட்டா ரொட்டி திங்கிறவன்தாம்மா குடியிருப்பான். கொஞ்சம் கொஞ்சமா களி குடுங்க, பழைய கூட்டம் திரும்பப் பெருகும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஒப்பவில்லை.

"வயித்துல பூச்சி வளக்குறாராம் தொரை! என் கைச்சோறு கசக்குதுன்னு சொல்லிட்டுப் போயேண்டா."

"நெசமாதாம்மா. கொஞ்ச நாள் குடு."

"முழு உருண்டையைத் தின்னுட்டு எழுந்து நட. அப்ப நம்புறேன்."

அன்றிலிருந்து அவள் எதிரிலேயே உட்கார்ந்து சுண்டைக்காய் அளவு தின்பான். பிறகு எலுமிச்சை அளவு. வலித்தால் சில நாள் அந்த அளவிலேயே நிற்பான். அவள் பார்க்காததுபோலப் பார்ப்பாள். "குருவிக்கு வெச்ச மாதிரி திங்கிறான் பாரு" என்று என்னிடம் முனகுவாள்.

அரை உருண்டைக்கு வந்திருந்தான். அந்த மார்கழிக் குளிரில் மார்ச்சளி கண்டு படுத்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. கொஞ்சம் நினைவு இருந்தபோது என் கையைப் பிடித்து, "அவனுக்கு எம்மேல என்னடி கோவம்?" என்று கேட்டாள். காதருகே குனிந்து, கோபமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. வருஷத் திதிக்கு நான்தான் களி கிண்டிப் படைத்தேன். ஒரு முழு உருண்டையை மொச்சைக் குழம்பில் தோய்த்துத் தின்றான். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா, ஒண்ணுமே பண்ணல" என்றவன், அதைச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதான்.

நான் தேற்றவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.