சத்தத்துக்காக வாடகைக்கு எடுத்த படம்

நிஞ்சா என்றால் என் மகனுக்குக் குதிப்பவன். சுவரில் ஓடுபவன், புகையைப் போட்டுவிட்டு மறைபவன். நான் பார்க்கிற பழைய ஜப்பான் படங்களிலோ அவன் மழையில் நிற்கிறான். நின்றுகொண்டே இருக்கிறான். "யம்மா, இவன் எப்பத்தான் குதிப்பான்?" என்று கேட்டுவிட்டு மகன் செல்போனுக்குத் திரும்பிக்கொள்கிறான். குதிக்க மாட்டான் அப்பு. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் நிஞ்சா என்பவன் கூலிக்குப் போன குடியானவன். அவனுக்குப் பெயர் கிடையாது. இரண்டு பிரபுக்களின் பகைக்கு நடுவில் கிடக்கிறான். கத்தியை ஒரே ஒருமுறை உருவுகிறான், அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். மிச்சமெல்லாம் காத்திருப்பு. ஈரம். மூச்சு. மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சோறு தின்கிற சத்தம்.

இவ்வளவு துக்கமான படங்களை ஒரு பொம்பளை தேடித்தேடிப் பார்ப்பானேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் தேடுவது ஒரு படத்தை. பெயர் தெரியாது. பார்த்தது ஒரே தடவை, நாகல் நகரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலம் அது.

அப்போது நாங்கள் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். ஒரு முற்றம், அதைச் சுற்றி ஐந்தாறு குடித்தனம். சுவர்கள் ஓடு வரைக்கும் எழும்பாமல் பாதியில் நின்றுவிடும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அந்த இடத்துக்குத்தான் அத்தை, அப்பாவின் தங்கை, நத்தத்திலிருந்து ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. கட்டிக்கொடுத்த இடம் புளி வியாபாரம், மாந்தோப்பு, குறை சொல்ல முடியாத இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தையும் குறை சொல்லவில்லை, போக மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். 'விருந்தாட வந்திருக்கா' என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். விருந்தாட வந்தவள் எங்கள் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் முற்றத்தில் உட்கார்ந்து துலக்கிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை.

பிறகு தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தையின் வீட்டுக்காரர், அதாவது மாமா, தன் அண்ணனோடு வருகிறார். பேசி முடித்துக் கூட்டிப்போகத்தான். அத்தை போவதா இருப்பதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். ஆனால் வீட்டில் அதைவிடப் பெரிய கவலை, பேச்சு வெளியே கேட்கக் கூடாது என்பதுதான். யோசனை சொன்னவர் சித்தப்பா. ஊர்க் காதை அடைக்க முடியாது, நிரப்பலாம் என்பது அவர் கட்சி. காம்பவுண்டையே கூப்பிட்டு முன்னறையில் உட்காரவைத்து, சத்தமான படம் ஒன்றைப் போட்டுவிட்டால், பின்னறையில் வெட்டுக்குத்தே நடந்தாலும் தெரியாது.

கேசட் கடைக்கு நானும் கூடப் போனேன். சித்தப்பா நடிகரைக் கேட்கவில்லை, கதையைக் கேட்கவில்லை. "சத்தம் பெருசா இருக்கணும்ப்பா" என்றார். கடைக்காரர் செத்த நேரம் யோசித்தார்.

"நிஞ்சா படம் ஒண்ணு இருக்குண்ணே. ஜப்பான்காரனே எடுத்தது. நான் இன்னும் பாக்கல. ஆனா நிஞ்சான்னாலே வீடு அதிரும்."

அட்டையில் ஒருவன் கத்தியோடு நின்றான். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. அவன் வாயைத் துணியால் கட்டியிருந்ததை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

மாமாவும் அவர் அண்ணனும் வந்து காபி குடித்துப் பின்னறைக்குப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் போனார்கள். கடைசியாக அத்தை. கதவு சாத்தப்பட்டது. முன்னறையில் காம்பவுண்டு நிறைந்து உட்கார்ந்திருந்தது. எனக்குக் கொடுத்த வேலை டிவி பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே குரல் உயர்ந்தால் வால்யூமைக் கூட்டுவது.

படம் மழையோடு ஆரம்பித்தது. ஒருவன் கோட்டைக்குள் புகுந்து, மச்சுப் பலகைகளுக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டான். கீழே இருக்கும் பிரபுவைக் கொல்ல உத்தரவு வரும்வரை அங்கேயே கிடக்கவேண்டும். கிடந்தான். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தான்: விளக்கு, சோறு, தவழ்கிற ஒரு பிள்ளை. அடியில் ஓடிய எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை, தேவைப்படவும் இல்லை. அவனை அனுப்பிய எஜமானும் கீழே இருக்கிற பிரபுவும் சமாதானமாகி ஒன்றாக உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள். மேலே ஒருத்தன் கிடக்கிறான் என்று எஜமான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

காம்பவுண்டு நெளிந்தது.

"ஏந்தம்பி, ஆளு செத்துட்டானா, தூங்குறானா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"வாடகை குடுக்காத குடித்தனம்போல. காலி பண்ண மாட்டேங்கிறான்" என்றார் மூலைவீட்டுப் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சண்டை வரும், இந்தா வந்துரும்" என்று சித்தப்பா வியர்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மாமாவின் குரல் உயர்ந்தது. நான் திருகினேன். மழை பெரிதானது. அப்பா குரல். மறுபடி திருகினேன். அப்போது படத்தில் மழை நின்றுவிட்டது. கீழே யாரோ சந்தேகப்பட்டு நிமிர்ந்து பார்க்க, மேலே அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். வால்யூம் முழுக்க இருந்தது, அதிலிருந்து வர ஒன்றுமில்லை. அந்த வெறுமைக்குள் அத்தையின் குரல் வந்தது. கத்தவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"கடைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போயிடுறாரு. ராத்திரி வந்துதான் தொறக்குறாரு. குடத்துல தண்ணி தீந்தாலும் நான் உள்ளதான் கெடக்கணும்."

"பொம்பளப்புள்ள தனியா இருக்கு. பத்திரத்துக்குப் பூட்டுறதுதானம்மா" என்றார் மாமாவின் அண்ணன்.

பிறகு அப்பா. பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில் பிறந்தவர், பூட்டைக் குறைசொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலும். "இம்புட்டுத்தானா?" என்றார். "நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

முன்னறையில் ஒருவரும் திரும்பவில்லை. எதிர்வீட்டு அக்கா மடியிலிருந்த பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பெரியவர் தொண்டையில் வந்த இருமலை விழுங்கினார். அத்தனை கண்ணும் மச்சில் கிடந்தவன்மேல் இருந்தது, அவனைப் பார்க்கத்தான் பிறந்தவர்கள்போல.

கதவு திறந்தது. மாமா முன்னால் போய் வாசலில் செருப்பை மாட்டினார். அத்தை பையோடு வந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள், கண்ணை எடுக்கவில்லை. திரைக்கு முன்னால் அத்தை நின்றாள்.

"இவன் வெளிய வந்துட்டானா பாப்பா?"

"இன்னும் இல்லத்தை. செத்த இரு, பாத்துட்டுப் போ."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுடி" என்றாள். போய்விட்டாள். அதன்பின் அவள் காலம் முழுவதும் நத்தத்திலேயே கழிந்தது. போன ஐப்பசியில் துக்கத்துக்குப் போய்வந்தோம்.

அன்றைக்கு அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் சித்தப்பா டிவியை அணைக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் தம்பி, ஓடட்டும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா, தலையைத் திருப்பாமல். மற்றவர்களும் ஆமாம் ஓடட்டும் என்றார்கள். அம்மா பின்னறையிலிருந்து வெளியே வரவேயில்லை. கடைசி எழுத்து ஓடி முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை.

மச்சில் கிடந்தவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. நாங்கள் எடுத்துவந்த படம் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது.